நான்கு சிலிண்டர், ஒரு பிரேக்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததன் உண்மையான நோக்கம் 1976ஆம் ஆண்டு செங்கல்பட்டில்தான் நிறைவேறியது. எங்கள் 'சகோதரர் மோட்டார் தொழிலகம்' அவ்வாண்டுதான் நான்கு சிலிண்டர் நெடும்பயண மோட்டார் சைக்கிளை உலகுக்கு அளித்தது. அதன் வளர்ச்சி வரலாற்றை எழுதும் பேறு குமாஸ்தாவான எனக்குக் கிடைத்தது.

ஜப்பான்காரர்கள் நான்கு சிலிண்டரை எட்டியது வெறும் கணக்குப் போட்டு. நாங்கள் எட்டியது குடும்ப ஒற்றுமையால். 1971இல் மூத்தவர் பன்னீர்செல்வம் ஒற்றைச் சிலிண்டரோடு தொடங்கினார். இரண்டாமவர் ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்து பங்காளியானதும் தனக்கென்று ஒரு சிலிண்டர் கேட்டார். நியாயம்தானே. மூன்றாமவருக்குக் கல்யாணமானதும் மாமனார் வீட்டில் கேட்டார்கள். கடைசித் தம்பிக்கு மனத்தாங்கல் வரக்கூடாதென்று நான்காவது. ஒவ்வொரு சிலிண்டரிலும் உரியவர் பெயர் பொறித்தார்கள். ஒருவர் சிலிண்டரை இன்னொருவர் துடைப்பதில்லை.

வண்டி நீண்டுகொண்டே போய்க் கடைத்தெருவில் திரும்ப மறுத்தது. இதுவா குறை? உடனே கூட்டம் போட்டு அதை 'நெடும்பயண வாகனம்' என்று அறிவித்தோம்.

சோதனை ஓட்டம் கோவளத்து காஜா மொய்தீன் பொறுப்பு. மாமல்லபுரம்வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். வண்டியில் இருந்தது ஒற்றைச் சிலிண்டர் காலத்துப் பிரேக்.

"வண்டி ஷோக்கா ஓடுது மொதலாளி. நிக்கத்தான் மாட்டேங்குது" என்றார்.

"நிக்காமயா போய்ட்டு வந்துகீற?" என்றார் பன்னீர்செல்வம்.

"கடலாண்ட மணல்ல வுட்டு நிறுத்தினேன்."

"அப்போ நிக்குதில்ல. இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?"

இந்தத் தர்க்கத்துக்குப் பிறகும் காஜா விடவில்லை. கால் போய்விடும், பெரிய பிரேக் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார். பிரேக் யார் பங்கிலும் வராது. நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கூட்டக் குறிப்பில் 'நீண்ட மௌனம்' என்று எழுதினேன். வண்டி சீட்டின் நிறத்துக்கே நாற்காலி தூக்கிய அந்தச் சபையில், எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது அந்த மௌனம் ஒன்றுதான்.

வெளியீட்டு விழாவன்று பிரமுகர்கள் வந்தார்கள். நால்வரும் அவரவர் சிலிண்டருக்கு மட்டும் மாலை போட்டார்கள். காஜா வண்டியைக் கிளப்பினார். என்ன வேகம், என்ன கம்பீரம்! சாலை முனையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே மணல் கொட்டி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு போனோம். காஜாவின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. நிறுவனத்தின் மனிதாபிமானத்துக்கு ஒரு சான்று: நால்வரும் தனித்தனியாகவே விசாரித்தார்கள்.

"என் சிலிண்டர் சரியா வேல செஞ்சுதா, காஜா?"

நால்வருக்கும் செய்தது என்றே சொன்னார். பிறகு போர்வையின் தட்டையான பகுதியைத் தடவியபடி பன்னீர்செல்வத்தைப் பார்த்தார்.

"ஒங்க நைனா இன்னொரு புள்ள பெத்திருக்கணும் மொதலாளி. பிரேக்கு அவுரு பங்குக்கு வந்திருக்கும். நம்ம காலு இருந்திருக்கும்."

நால்வரும் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்தார்கள். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.