பாஸ்தா சோறா, பலகாரமா?

ஒன்றும் புரியாதவன் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு. ஒன்று, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவது. இன்னொன்று, அடுப்பைப் பற்றவைப்பது. நான் இரண்டையும் செய்தேன். அதுவும் எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்களை வைத்துக்கொண்டு.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருச்சியில் வேலை. கூட வேலை பார்த்த சங்கீதாவை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்டால் அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்). அவளுடைய அப்பா ராசு, இலுப்பூரில் உரக்கடை வைத்திருப்பவர். பையனின் வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவருக்கும் மேலே ஒரு மேலிடம் இருந்தது. அவருடைய அக்கா. அந்தப் பெரிய அத்தை, தன் கொழுந்தனார் மகனுக்கே சங்கீதாவைக் கட்டிவைப்பது என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா வந்து பாத்துட்டுப் போயி, 'பாக்கலாம்'னு சொன்னாருன்னா கதை முடிஞ்சுச்சு," என்று சங்கீதா போனில் சொன்னாள். "தையில எனக்கும் அந்த மணப்பாறைப் பையனுக்கும் கல்யாணம்."

"அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

"கறி. கறியப் பாத்தா அவருக்கு வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

போதாதா? உடனே முடிவு செய்தேன். சாதாரணமாகக் கறிக்குழம்பு வைத்தால் நூறு வீட்டில் ஒரு வீடாகிவிடும். நான் இத்தாலிக்காரன் மாதிரி நான்கு மணி நேரம் கறியை வேகவைத்து, பாஸ்தாவில் ஊற்றி அசத்தப் போகிறேன். எனக்கு அனுபவமும் இருந்தது. அறை நண்பர்களுக்கு இரண்டு முறை செய்து போட்டிருக்கிறேன். முதல் முறை சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை, நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்ததுமே கிளம்பிப் பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமையே சொந்த ஊரான அறந்தாங்கிக்கு வந்து அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். அம்மா பதறிப்போனார்.

"வீடு பாக்க வாரவங்க கை நனைக்க மாட்டாங்கடா தம்பி. காப்பித்தண்ணி குடிப்பாங்க, வடை முறுக்குன்னு பலகாரம் ஏதாவது கடிப்பாங்க. அம்புட்டுதான். சோறு கறின்னு எலையில ஒக்காந்துட்டா பொண்ணு குடுக்கச் சம்மதம்னு ஆயிரும். முடிவாகாம எவனாச்சும் ஒக்காருவானா?"

நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நல்ல சாப்பாடு இருக்கும்போது யாராவது வேண்டாம் என்பார்களா என்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினேன். நான் பார்த்த சமையல் வீடியோவில் வந்த வெள்ளைக்காரத் தாத்தா செலரி என்று ஒரு கீரைத்தண்டைப் போடச் சொல்லியிருந்தார். காய்கறிக் கடைக்காரர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மருந்துக் கடையில கேட்டுப் பாருங்க தம்பி," என்றார். கொத்தமல்லித் தண்டோடு திரும்பினேன்.

ஒன்பது மணிக்கு வெங்காயம், கேரட், தக்காளி, கறி எல்லாம் சட்டியில் சிறு தீயில் ஏறின. அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலு மணி நேரமா? குக்கர்ல அஞ்சு விசில் விட்டா வெந்துட்டுப் போகுது."

"அந்த ருசி வராதும்மா."

"சரி, மொளகாத்தூள் எப்பப் போடுவ?"

"போட மாட்டாங்கம்மா."

"மல்லித்தூள்?"

"அதுவும் இல்லம்மா. நீங்க எதையும் தொடாதீங்க."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. நான் சவரம் செய்துவிட்டு வந்து பார்த்தேன், வெளிறிக் கிடந்த குழம்பு சிவந்திருந்தது. குளித்துவிட்டு வந்தேன், இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு வந்தபோது மேலே எண்ணெய் மிதந்து, சோம்பு வாசனை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். தாத்தாவின் சட்டி அப்படியேதான் இருந்தது. மெதுவாக வெந்தால் இந்த ஊர் ஆட்டுக்கறி இப்படித்தான் நிறம் மாறும் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். வழியில் கார் பஞ்சர். சங்கீதாவின் அப்பா வாசற்படியில் கால் வைத்ததும் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். பெரிய அத்தை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தண்ணி மட்டும் போதும்," என்றார்.

கார் நின்ற சத்தம் கேட்டதுமே நான் இரண்டு பாக்கெட் பாஸ்தாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டியிருந்தேன். பதினோரு நிமிடம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. ஆனால் மூன்றாவது நிமிடமே கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கே படித்தாய், வீட்டில் கிணறு வற்றுமா வற்றாதா என்று அத்தை கேட்கக் கேட்க, என் மனசு முழுக்க அடுப்பிலேயே இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்ங்க. நானே சமைச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டேன்.

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அப்பா எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"சாப்பாடெல்லாம் பெறகு பாத்துக்கலாம் தம்பி," என்றார் அத்தை. "வீடு பாக்கத்தான் வந்தோம்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "சோறு இல்லங்கம்மா. பாஸ்தா."

"அது என்னது? அரிசியா?"

"கோதுமைங்க."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கீதாவின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோதுமைன்னா பலகாரந்தானேக்கா?"

"கறி வாசம் வருதே ராசு. கறி எப்படிப் பலகாரமாகும்?"

"பப்ஸ்ல கறி வைக்கிறான். அதைப் பலகாரம்னுதான திங்கிறோம்?"

"பப்ஸுக்குக் கொழம்பா ஊத்துறான்?"

"பூரிக்கு ஊத்துறமா இல்லையா?"

இப்படியே போயிற்று வழக்கு. அவர் சொன்னதற்கும் தலையாட்டினேன், அத்தை சொன்னதற்கும் தலையாட்டினேன். பாஸ்தா சோறா, பலகாரமா என்று சமைத்த என்னிடமே இருவரும் கேட்டார்கள். "ரெண்டு மாதிரியும் சாப்பிடுவாங்கங்க," என்றேன். அத்தை என்னை அதோடு விட்டுவிட்டார். காலை ஏழு மணியிலிருந்து அவர் வயிறும் காலிதான் என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் அத்தையின் தீர்ப்பு வந்தது.

"எலை போடக் கூடாது. சோறு கண்ணுல காட்டக் கூடாது. தட்டுல வச்சு ஸ்பூனோட குடுங்க, பலகாரமா தின்னுட்டுக் கெளம்புறோம்."

அடுப்படிக்கு ஓடினேன். பாஸ்தா முக்கால் மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குழாய் குழாயாக இருந்ததெல்லாம் போய், களியாகக் கிடந்தது. கரண்டியை விட்டால் அப்படியே நின்றது.

"அடுப்பை அணைச்சிருக்கக் கூடாதாம்மா?"

"நீதானடா எதையும் தொடாதேன்ன."

வேறு வழி? களியை வெட்டி வெட்டித் தட்டில் வைத்து, மேலே குழம்பை ஊற்றிக் கொண்டுபோனேன். சங்கீதாவின் அப்பா ஆசையாக ஒரு வாய் வைத்தார். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினார், பிறகு விரலை விட்டே எடுத்தார்.

"தம்பி, இது வேகலையா, ரொம்ப வெந்துருச்சா?"

"ரெண்டும்ங்க," என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அத்தை முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ராசு, கெளம்புவோமா?" என்றார்.

முடிந்தது. இனி காரில் ஏறும்போது 'பாக்கலாம்' என்பார். தை பிறக்கும், மணப்பாறையில் மேளம் கொட்டும். நான் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. களியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். ஸ்பூனால் குழம்பை மட்டும் எடுத்து நாக்கில் விட்டார். இன்னொரு முறை எடுத்தார். ஒரு கறித்துண்டை வாயில் போட்டார், மெல்லாமலே கரைந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே, கண்ணைத் திறக்காமலே, அம்மா நின்ற பக்கம் திரும்பிச் சொன்னார்.

"தங்கச்சி, இந்தக் கொழம்புக்குக் கொஞ்சம் சோறு இருந்தாக் கொண்டாங்க."

"ராசு," என்றார் அத்தை. அவர் காதில் விழவில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரவே நடுவில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்திருப்பார். அன்றைக்குச் சங்கீதாவின் அப்பா பேசி முடிப்பதற்குள் ஒரு கையில் சோற்றுச் சட்டி, மறு கையில் கழுவித் துடைத்த வாழையிலையோடு வந்து நின்றார். எப்போது வடித்தார், எப்போது இலை நறுக்கினார், எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் கவளம் உள்ளே போனது. இரண்டாவது கவளத்தைப் பிசைந்து பாதி தூக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. இலையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கவளத்தை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"தையிலயே வச்சுக்குவோம்," என்றார்.

நான் அப்பாவின் பக்கத்தில் போய், "சாப்பாடு அவருக்குப் பிடிச்சிருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"ஒனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சுடா முட்டாப்பயலே," என்றார் அப்பா.

தலைதீபாவளிக்கு இலுப்பூர் கிளம்பும்போதுதான் அம்மா உண்மையை ஒப்புக்கொண்டார். நான் சவரம் செய்தபோது மிளகாய்த்தூள், குளித்தபோது மல்லித்தூள், இஸ்திரி போட்டபோது சோம்பும் சீரகமும் அரைத்தது. ஆக, குழம்பு அம்மாவுடையது. என்னுடையது களி மட்டும்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் களி மட்டும் நல்ல பாஸ்தாவாக வந்திருந்தால் மனுஷன் அதையே பலகாரமாகத் தின்றுவிட்டுக் கிளம்பியிருப்பார். சோறு கேட்டிருக்கவே மாட்டார். இதைச் சொல்லி நான் சங்கீதாவிடம் பெருமை அடித்துக்கொள்கிறேன். அவள் என்னை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை.

பெரிய அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குச் சோறா, பலகாரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். மாமனாரோ விசேஷ வீடுகளில் யார் விசாரித்தாலும், "நான் எங்கிட்டுப் பொண்ணு குடுத்தேன்? சோறு கேட்டேன், கல்யாணத்தை வச்சுட்டாங்க," என்கிறார்.

எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் ஒரு முடிவை அறிவித்தார்.

"இவளுக்கு மாப்பிள்ளை வீடு பாக்கப் போறப்ப நானும் வாரேன். ஆனா வீட்டுலயே ஒரு கட்டு கட்டிட்டுத்தான் வண்டியில ஏறுவேன்."