ரெண்டு லைனும் போச்சு

இருட்டியதும் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக். நான் ஐந்து மாதப் பாப்பாவை இறுக்கிக்கொண்டு கட்டிலின் நட்டநடுவில் உட்கார்ந்துவிடுவேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் தையல், பாட்டு, நல்ல கையெழுத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தைரியப் பாடம் நடத்திய வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது போலிருக்கிறது.

அது வாசல் கதவு என்று எனக்கே தெரியும். தாழ்ப்பாள் போடாததால் காற்றுக்கு ஆடுகிறது. போடக் கூடாது என்பது கணவர் உத்தரவு. ஒரு முறை போட்டுவிட்டு நானும் பாப்பாவும் தூங்கிப்போனோம். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியப் படியில் கொசுவுக்கு விருந்து வைத்தார்.

சாப்பிட்டு முடித்த மனிதர் வெளியே ஏன் போகவேண்டும்? இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஒரு சின்ன ஆபீஸ். நாலு கம்ப்யூட்டர். பகலில் வரைந்த கட்டட வரைபடங்கள் இரவில் தானாக வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரும். நடுவில் இன்டர்நெட் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். அது தினமும் சரியாக எட்டு மணிக்கு அறுந்துவிடும். முகத்தைத் தொங்கப்போட்டு, "லைன் போச்சும்மா" என்பார். பதினொன்றுக்குத் திரும்புவார்.

இன்னொரு லைன் போடுங்களேன் என்று அழுதேன். என் கண்ணீரைக் கண்டு வீராவேசம் வந்துவிட்டது அவருக்கு. ஆள் எதற்கு, நானே போடுகிறேன் என்று சபதம் செய்து, ஒரு ஞாயிறு முழுக்க வயர்களோடு மல்லுக்கட்டினார். வேறு கம்பெனியின் இரண்டாவது இணைப்பு. இரண்டையும் கவனிக்க ஒரு பெட்டி. ஒன்று படுத்தால் பெட்டியே மற்றதுக்கு மாற்றிவிடும். மணிக்கொரு தடவை நலம் விசாரித்து போனுக்குச் செய்தியும் அனுப்பும். எந்த நம்பருக்கு அனுப்புவது என்று பதிவு செய்யும் நேரம் பார்த்து அவர் போனில் சார்ஜ் இல்லை. சாப்பாடு கொண்டுபோயிருந்த என் நம்பரைக் கொடுத்தார். கொடுத்ததை மறந்தார்.

மறுநாள் எட்டு மணி. முகம் தொங்கியது. "ரெண்டு லைனும் போச்சும்மா."

தலையணைக்கடியில் என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'இரண்டு இணைப்பும் நலம்.' போனைத் திரும்பத் தலையணைக்கடியில் தள்ளினேன்.

பதினோரு நாள் போனார். ஒரு நாள் கம்பத்தில் காக்கா உட்கார்ந்ததாம். ஒரு நாள் எலி கடித்ததாம். ஒரு நாள் காக்காவும் எலியும் சேர்ந்து வந்ததாம்.

பன்னிரண்டாம் நாள், முகம் தொங்க ஆரம்பிக்கும்போதே பாப்பாவை அவர் மடியில் வைத்தேன்.

"பாவம், நீங்க அலுத்துட்டீங்க. இன்னிக்கு நான் போய் சரி பண்ணிட்டு வரேன். சாவியைக் குடுங்க."

"இருட்டுல நீயா? பயப்படுவியே."

"தனியா உள்ள உக்காந்திருக்கறதைவிட வெளிய பயம் கம்மிதாங்க."

பாப்பா அவர் மடியை நனைத்து என் கட்சியில் சேர்ந்தாள். நான் செருப்பை மாட்டினேன். அவர் குரல் இறங்கியது.

"வேண்டாம்மா. லைன் தானா வந்துடும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு யூகந்தான்."

போன் சிணுங்கியது. வாசித்துக் காட்டினேன். பழையதையும் விடவில்லை, பதினோரு நாளையும் வரிசையாக வாசித்தேன். எலி கடித்த அன்றுகூட இரண்டும் நலமாகத்தான் இருந்தன.

"இதெல்லாம் உனக்கு யாரு அனுப்பறாங்க?"

"நீங்க வச்ச பெட்டிதான்."

வாயைத் திறந்தார். அதற்குள் கதவு டக் டக் என்றது. இது காற்று இல்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன். பாப்பாவோடு போய்க் கதவைத் திறந்தார். ஆபீஸுக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டர் நின்றார். கையில் ஒரு சதுரங்கக் குதிரை.

"என்ன சார், இன்னிக்கு லைன் போகலையா? காயெல்லாம் அடுக்கிட்டு எவ்வளவு நேரம் காத்துட்டிருக்கறது?"

கணவர் குதிரையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர்," என்றார். "இனிமே ரெண்டும் நலம்."

டாக்டர் இறங்கிப் போனார். கணவர் பாப்பாவைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தன் கையாலேயே தாழ்ப்பாளைப் போட்டார். டக். அதோடு சத்தம் நின்றது.