மாட்டு மூக்கு வேர்த்தால்தான் வட்டச் சீல்

தூத்துக்குடியில் மாட்டுக்கறி தின்ற அத்தனை வயிற்றுக்கும் எழுபதுகளில் ஒரே ஆள்தான் காவல். அந்த ஆளோ ஆயுளில் ஒரு துண்டு கறி தின்றதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, தாமிரபரணிக் கரை நெல் விவசாயக் குடும்பம், வீட்டில் முட்டை என்ற சொல்லுக்கே தடை. கசாப்புக் கூடத்தில் மாட்டையும் கறியையும் சோதிக்கும் உத்தியோகம். சட்டைப் பையில் இரண்டு பித்தளைச் சீல்: நல்ல கறிக்கு வட்டம், ஆகாததுக்கு முக்கோணம். பெயரென்னவோ, ஊருக்கு அவர் சீல் அண்ணாச்சி.

மாட்டைப் பார்த்துப் பார்த்து, மனுசனையும் அப்படியே பார்ப்பார். தன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், “தம்பி, நாக்கை நீட்டுங்க” என்றாராம். அவனும் நீட்டியிருக்கிறான். பிறகுதான் காப்பி வந்தது.

நான் அப்போது கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையில் கிளார்க். கல்யாணமாகி இரண்டே மாசம். ஒரு கிரேக்கக் கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது, மாட்டுக்கறி கேட்டிருக்கிறார்கள். முதலாளி லாரி வாடகையை மிச்சம் பிடிக்க, எட்டயபுரம் சந்தையில் வாங்கிய இரண்டு கிழட்டுக் காளைகளையும் வெயிலில் நடத்தியே கொண்டுவரச் செய்திருந்தார். என்னிடம் ஒரே வார்த்தை: “கறி கப்பல் ஏறலைன்னா, நீ கடை ஏறாதே.”

கசாப்புக் கூட வாசலில் சீல் அண்ணாச்சி காளையின் மூக்கைத் தடவினார். “காஞ்சு கெடக்கு. தண்ணி காட்டி ஒரு நாள் படுக்கப் போடு. நாளைக்கு வா.”

“அண்ணாச்சி, கப்பல் போயிரும்!”

“ஏலே, நடந்து களைச்ச மாட்டை அறுத்தா கறி கறுத்துப் போவும். நீ எட்டயபுரத்துலேருந்து நடந்து வா. ஒன்னைய அறுத்தா கறி எப்படி இருக்கும்?”

“இவனை அறுத்தா எலும்புதான் அண்ணாச்சி” என்றார் கசாப்புக்கார காசிம் பாய்.

அண்ணாச்சி வெற்றிலை போடத் திரும்பிய நேரம், நான் வாளியில் கைவிட்டு இரண்டு மூக்கிலும் முத்து முத்தாகத் தண்ணீர் தெளித்தேன். “இப்பம் பாருங்க, வேர்த்துட்டு!”

அவர் தோள் துண்டால் காளையின் மூக்கைத் துடைத்தார். காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். காளையும் என்னைப் பார்த்தபடி காத்திருந்தது. ஒரு பொட்டு ஈரம் வரவில்லை.

“சொகமான மாட்டுக்குத் தொடைக்கத் தொடைக்க வேர்க்கும்லே. கையை நீட்டு.”

நீட்டினேன். மணிக்கட்டில் ஊதா மையில் முக்கோணம் விழுந்தது. காசிம் பாய் சிரித்த சிரிப்பில் காளைகூட மிரண்டது.

கப்பல் போய்விட்டது. முதலாளி என் சீட்டைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது சீல் அண்ணாச்சி கடைக்குள் வந்தார்.

“மொதலாளி, நாக்கை நீட்டும்.”

நீட்டிவிட்டார்! அந்தக் குரலுக்கு அப்படியொரு வசியம்.

“வறண்டு கெடக்கு. கோவத்துல முடிவு எடுக்காதீரும். மாட்டை நடத்திக் கூட்டியாந்தது நீரு, தண்டனை இவனுக்கா? ரெண்டு மாட்டோட இவனுக்கும் ஒரு நாள் குடும்.”

மறுநாள் மூக்கு வேர்த்தது. துடைத்தார், மறுபடி வேர்த்தது. கறி செக்கச் செவேலென்று இருந்தது. துறைமுகத்தில் நின்ற இன்னொரு கப்பலின் சமையல்காரன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முழுதையும் எடுத்துக்கொண்டான். “இனிமே கறின்னா ஒங்க கடைதான்” என்று சைகையிலேயே சொல்லிப் போனான். முதலாளி என்னைப் பார்த்து, “நிக்கியே, பில்லு யாரு போடுவா?” என்றார். வேலை தப்பியது.

நன்றி சொல்லப் போனேன். அண்ணாச்சி என் நெற்றியை உற்றுப் பார்த்தார். ஓடி வந்ததில் வேர்த்திருந்தது. துண்டால் துடைத்தார், மறுபடி வேர்த்தது. “மத்தக் கையை நீட்டுலே” என்று வட்டச் சீலை அழுத்தினார்.

முக்கோணத்தை அது விழுந்த அன்றைக்கே தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வட்டம் விழுந்த கையை மட்டும் பத்து நாள் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தேன்.