மெர்வ் வைத்த மஞ்சள் பொட்டு

"சத்தம் மட்டும்தான் வருது. வண்டி வரலையே," என்றாள் ரேலீன்.

அவள் மடியில் பாவ்லோவா கேக் தட்டு. மேலே அடுக்கியிருந்த ஸ்ட்ராபெரி ஒன்றுகூட அசையவில்லை. நிலைமை மோசம் என்பது அதிலிருந்தே தெரிந்தது. முன்பெல்லாம் ஒன் ட்ரீ ஹில் மேட்டில் அவள் கணவன் க்ளைவ் பாஸ்கோ ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேக் பின்சீட்டுக்குப் போய்விடும். இப்போது எட்டு சிலிண்டரும் சேர்ந்து ஊரைக் கூட்டுகின்றன, வண்டி மட்டும் தேர் மாதிரி ஆடி அசைந்து போகிறது. பின்னால் வந்த சின்ன மின்சாரக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் தாண்டிப் போயிற்று.

"கிளட்ச் வழுக்குது," என்றான் க்ளைவ். சொந்தக்காரர் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லும் குரல்.

"அப்ப மாத்து."

"மாத்துன்னு சுலபமாச் சொல்லிட்டே. இது மெர்வ் கை பட்ட கிளட்ச், ரே."

ரேலீன் ஆடாத ஸ்ட்ராபெரியைச் சரிசெய்தாள்.

எலிசபெத் என்ற ஊரின் கார் ஆலையில் க்ளைவும் மெர்வும் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். க்ளைவ் கிளட்ச்சைப் பொருத்துவான், மெர்வ் சரிபார்ப்பான். சரியாக இருந்தால் அதன் இரும்பு மூடியில் மஞ்சள் பெயின்டால் அடையாளம் வைக்க வேண்டும். மற்றவர்கள் பிரஷ்ஷால் கோடு இழுப்பார்கள். மெர்வ் கட்டைவிரலைத் தோய்த்துப் பொட்டு வைப்பான். சாயங்காலம் அவன் தொட்ட பீர் கிளாஸெல்லாம் மஞ்சளாக இருக்கும். ஆலையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வரிசையில் வந்த ஒரு சிவப்பு வண்டியைக் க்ளைவ் தனக்கென்று சொல்லி வைத்தான்.

"டேய், இது நம்ம வண்டி. ஒழுங்கா வைடா," என்று அன்றைக்கு மெர்வ் அதட்டியதும், பொட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் க்ளைவுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆலை போயிற்று. போன குளிர்காலத்தில் மெர்வும் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி ஷெர்லி மகள் வீட்டோடு பிரிஸ்பேனுக்குக் குடிபோனாள். மிச்சம் இருந்தது அந்தக் கிளட்ச் பெடல்தான். தினமும் கிடங்கு வேலைக்குப் போகும்போது இடது காலால் அதை அழுத்தினால், அதன் இறுக்கத்தில் மெர்வ் எதிரே நிற்கிற மாதிரி இருக்கும். அது கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் க்ளைவின் கவலையெல்லாம்.

"டயரும் ஆயிலும் தவிர இந்த வண்டியில ஒரு திருகாணி மாறல," என்று யார் அகப்பட்டாலும் சொல்வான். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் ரேலீனுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். வண்டி வாங்கிய முதல் கோடையில், க்ளைவ் யார்க் தீபகற்பத்துக்கு மீன் பிடிக்கப் போயிருந்தபோது அவள் அதை ஓட்டினாள். அதோடு சரி. "எனக்கு ஆகாதுப்பா, ரொம்ப முரட்டு வண்டி," என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். பாவம், பயந்த சுபாவம் என்று க்ளைவ் நினைத்துக்கொண்டான்.

சாலிஸ்பரியில் பட்டறை வைத்திருக்கும் ஸ்பைரோ வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"கனமான கிளட்ச் போட்டுடுவோம், க்ளைவ். இந்த எஞ்சினுக்கு அதுதான் தாங்கும்."

"தினமும் ஓட்டற வண்டிய்யா இது. மெயின் நார்த் ரோடு பூரா சிக்னல். கனமானதைப் போட்டா என் கால் என்னத்துக்கு ஆகும்? ஆலையில வச்ச அதே ரகம் போடு. இப்ப இருக்கிற மாதிரியே மிதிக்கணும்."

"ஆலை ரகமா, இப்ப இருக்கிற மாதிரியா?"

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா!"

ஸ்பைரோவுக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்புறம், பழைய மூடியத் தூக்கிப் போட்டுடாதே. அதுல மெர்வோட பொட்டு இருக்கு. எங்க கார் ஷெட் சுவத்துல மாட்டப் போறேன்."

இருமல் அதிகமாயிற்று. தண்ணீர் குடிக்கப் போனவன், போனில் யாரிடமோ கிசுகிசுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஆலை ரகக் கிளட்ச் வந்து சேர்ந்தது. க்ளைவ் பெடலை மிதித்தான். கால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி, தரையில் இடித்தது.

"இது எங்க கிளட்ச் இல்லவே இல்ல. எவனோ உன் தலையில போலியக் கட்டிட்டான்."

"அசல்ய்யா. பெட்டியப் பாரு, முத்திரையப் பாரு."

"பத்தொன்பது வருஷம் இதைப் பொருத்தினவன் நான். எனக்குத் தெரியாதா? சரி, பழைய மூடி எங்கே?"

ஸ்பைரோ கூரையைப் பார்த்தான். "பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்."

க்ளைவ் விடவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பழைய இரும்புக் கிடங்கில் மலை மலையாய்க் கிளறி, பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு, மஞ்சள் பட்ட வட்ட இரும்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தான். கழுவிப் பார்த்தால் அது யார் வீட்டுப் புல் வெட்டும் எந்திரத்தின் மூடியோ.

ரேலீனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "பேசாம ஸ்பைரோ சொன்ன கனமானதையே போட்டுடேன்."

"வண்டியத் தொடவே பயப்படற நீ கிளட்ச்சப் பத்திப் பேசறியா?"

"சரி சாமி, நான் வாயத் திறக்கல."

வெள்ளிக்கிழமை கால்பந்து கிளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, ஆலையில் கூட வேலை பார்த்த டச்சியிடம் க்ளைவ் புலம்பினான்.

"லேசா இருக்குன்னா, பந்தயத்துல போடறதப் போடுடா. அதென்ன வயசானவன் மாதிரி வெண்ணெய், நெய்னுகிட்டு?" என்றான் டச்சி.

வயசானவன் என்ற வார்த்தை வேலை செய்தது. ஸ்பைரோ தலையில் அடித்துக்கொண்டு பந்தயக் கிளட்ச்சைப் பொருத்தினான்.

அதை மிதிப்பதும் சுவரைத் தள்ளுவதும் ஒன்று. விட்டால் வண்டி கங்காரு மாதிரி குதித்தது. ஒவ்வொரு சிக்னலிலும் க்ளைவின் தலை ஒரு முறை முன்னாலும் ஒரு முறை பின்னாலும் போய் வந்தது. வண்டியில் இருந்தபடியே காப்பி வாங்கும் கடையில், கடைப் பெண் கோப்பையை நீட்டினாள், க்ளைவ் கையை நீட்டினான், வண்டி ஒரு எட்டு எட்டிவிட்டது. காப்பியோடு அவள் ஒரு ஜன்னலிலும் க்ளைவ் அடுத்த ஜன்னலிலுமாக நின்றார்கள்.

"இன்னொரு தடவை சுத்திக்கிட்டு வாங்க, அங்கிள்," என்றாள் அவள்.

சுற்றப் பயந்து வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் கடைசியாக ஒரு குதி. பம்பர் போய் ஜெரேனியம் பூந்தொட்டியில் இடித்தது.

ரேலீன் தலையில் ஈரத் துண்டோடு ஓடிவந்து தொட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"நகர்ந்துடுச்சா பாக்கறேன், தள்ளு," என்று இறங்கினான் க்ளைவ்.

"நீ தொடாதே! உள்ள போ! தொட்டிய நான் பாத்துக்கறேன்!"

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், இவளுக்குப் பூச்செடி மேல் இவ்வளவு உயிர் என்று தெரியாமல் இருந்துவிட்டோமே என்று க்ளைவுக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் பார்த்தால் தொட்டியை அவளே பின்கட்டுக்கு மாற்றியிருந்தாள்; இவன் இன்னொரு ஜெரேனியம் வாங்கிக் கொடுத்தான். ரேலீன் அதைப் பார்த்து அழுதாள். அழுகிற அளவுக்கா என்று அவனுக்கே ஆச்சரியம்.

கடைசியில் ஸ்பைரோ கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான். "என்ன ரகம்னு கேக்காதே. ஒரு தடவை என் இஷ்டத்துக்கு விடு. பிடிக்கலைன்னா இனிமே உன் வண்டிய நான் தொடமாட்டேன்."

இடது கால் வீங்கியிருந்ததால் க்ளைவ் ஒத்துக்கொண்டான்.

வண்டி தயாரானதும் பழைய ஆலை வாசல் பக்கம் ஓட்டிப் போனான். வேலிக்குப் பின்னால் வேறு ஏதேதோ கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள். திருப்பத்தில் கியரைக் குறைக்கப் பெடலை மிதித்தான். அதே இறுக்கம். பாதி வழியில் லேசாகத் தடுத்து, பிறகு விட்டுக்கொடுக்கிற அதே பிடிவாதம். தேநீர் இடைவேளை மணி, சூடான இறைச்சி பஃப்ஸ், மஞ்சள் கட்டைவிரல், "ஒழுங்கா வைடா" எல்லாம் ஒரே மிதியில் திரும்பி வந்தன. க்ளைவ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பட்டறைக்குத் திரும்பி ஸ்பைரோவைக் கட்டிக்கொண்டான். "இதுதான்யா! இதுதான் மெர்வ் வச்சது! இந்த ஆலைச் சரக்கை எங்கே புடிச்சே?"

"அது... ஒரு பழைய இடத்துல," என்று ஸ்பைரோ இருமினான்.

"முதல்ல அந்த இருமலுக்கு மருந்து சாப்பிடு."

ஷெர்லி பிரிஸ்பேனிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, க்ளைவ் வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுட ஏற்பாடு செய்தான். டச்சி வந்தான், ஸ்பைரோ வந்தான். ஷெர்லியை முதல் காரியமாக வண்டியில் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். அவள் கதவைத் தடவிக்கொண்டே வந்தாள்.

எல்லோரும் பின்கட்டில் உட்கார்ந்ததும் க்ளைவ் இடுக்கியும் கையுமாகப் பேச எழுந்தான்.

"ஷெர்லி, உன் வீட்டுக்காரன் வச்ச கிளட்ச் எப்படி இருந்துச்சோ, இன்னிக்கும் அப்படியே இருக்கு. நாங்க ரெண்டு பேரும் செஞ்ச வண்டி, ஒரு இம்மி மாறல. ஆனா..." இடுக்கியைத் தாழ்த்தினான். "அவன் வச்ச பொட்டை மட்டும் தொலைச்சுட்டேன். குப்பையோட குப்பையாப் போயிடுச்சு. என்னை மன்னிச்சுடு."

டச்சி குனிந்து தட்டைப் பார்த்தான். ஸ்பைரோ இருமவே இல்லை. ரேலீன் மட்டும், "ஷெர்லி, அந்தத் தொட்டி அழுக்கு! கையில ஒட்டும்! விடு!" என்று பதறினாள்.

ஆனால் நாற்காலியை நிழலுக்கு இழுப்பதற்காக ஷெர்லி அதற்குள் வழியை மறித்த ஜெரேனியம் தொட்டியைத் தூக்கிவிட்டாள். அடியில் துருப்பிடித்த ஒரு வட்ட இரும்பு. அதன் ஓரத்தில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள்.

க்ளைவின் கையிலிருந்து இடுக்கி விழுந்தது.

"பொட்டு எங்கே போச்சு, இதோ இருக்கே," என்றாள் ஷெர்லி. "நீ மீன் பிடிக்கப் போனப்ப, நானும் ரேலீனும் கால்பந்துத் திடல்ல புழுதி பறக்க வண்டியில வட்டமடிச்சு இந்தக் கிளட்ச்சை எரிச்சுட்டோம். நீ வர்றதுக்குள்ள மெர்வும் ஸ்பைரோவும் அடிச்சுப் புடிச்சுக் கனமானது ஒண்ணைப் போட்டாங்களே, ஏண்டி ரேலீன், இன்னுமா இவன்கிட்ட சொல்லல?"