விஜயதசமியில் கழன்ற டர்போ

மச்சினன் செல்லத்துரை புதுக்கார் வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே பூவனநாதன் சபதம் எடுத்துவிட்டார். புதுக்கார் வாங்கியது தப்பில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய பழைய காரைத் தட்டிப் பார்த்து, "அத்தான், இதுக்கு இன்னும் உசுரு இருக்கா?" என்று கேட்டான் பாருங்கள், அதுதான் தப்பு.

பூவனநாதன் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். அந்த வெண்ணெய் நிறக் கார் அவர் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. உமாதேவியை மாலையும் கழுத்துமாக ஏற்றி வந்த கார். அதைப் பழித்தால் மனுஷன் சும்மா இருப்பாரா?

"ஏட்டி, இந்த எஞ்சினுக்கு டர்போ மாட்டுதேன். விஜயதசமிக்கு ரெண்டு வண்டியிலயும் திருச்செந்தூர் போறோம். போற வழியில ஒந்தம்பி வண்டிய முந்துதேன்."

"டர்போன்னா என்னதுங்க?"

"வெளிய போற புகை ஒரு காத்தாடியச் சுத்தும். அது காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடக்கூட வேகம் கூடும்."

"ஊதாங்குழல்னு சொல்லுங்க."

"ஊதாங்குழலா? விஞ்ஞானம்ட்டி இது!"

"வேகமாப் போயி என்ன செய்யப் போறீங்க? முருகன் எங்கயும் போயிர மாட்டார். முன்னல்லாம் கார்ல ஏறுனா வழிநெடுகப் பேசிக்கிட்டே வருவீங்க. இப்ப எதுத்தாப்ல உக்காந்தாலும் செல்லைத்தான் பாக்கீங்க."

அது அவர் காதில் ஏறவில்லை. அப்போதும் செல்லில் டர்போ வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சின் காரிலிருந்து இறங்கி நடுவீட்டுக்குக் குடிவந்தது. சோபா கார் ஷெட்டுக்குக் குடிபோனது. மதுரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் கிடந்த டர்போ ஒன்று வந்து சேர்ந்தது. இட்லிக் கொப்பரையில் நட்டும் போல்ட்டும் மண்ணெண்ணெயில் ஊறின. தோசைக்கரண்டியால் பிஸ்டனைச் சுரண்டினார். உமாதேவி வேறு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை எஞ்சினை முடுக்கியபோது தெருவே அதிர்ந்தது. முற்றத்தில் காயப்போட்ட வத்தல் கரியாகிவிட்டது. எதிர்வீட்டு ஜானகியம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏ உமா, தீப்பெட்டி ஆபீஸ் வெடிச்சிட்டா?"

"இல்லக்கா. அவிய அடுப்பு ஊதுதாவ."

ஆயுத பூஜைக்குள் எஞ்சின் காருக்குத் திரும்பிவிட்டது. சந்தனம், குங்குமம், மாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூவனநாதன் தானே கற்பூரம் காட்டினார். காலையில் மச்சினன் வண்டிக்குப் புழுதிதான் என்று நினைக்கவே இனித்தது.

விடிந்தால் விஜயதசமி. தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, பொத்தென்று அவர் காலில் விழுந்தாள் உமாதேவி.

"ஆசீர்வாதம் பண்ணுங்க."

"எதுக்குட்டி?"

"இன்னைக்கு எதைப் படிக்க ஆரம்பிச்சாலும் விளங்கும்லா. நான் கார் ஓட்டப் படிக்கப் போறேன். நீங்கதான் குரு."

விஜயதசமியன்று படிக்க வந்தவளை எந்த வாயால் திருப்பி அனுப்புவது? அதிலும் குரு! கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் வாங்கிய பட்டங்களில் இப்படி ஒன்று கிடையாது. உச்சி குளிர்ந்துபோனது.

"அதுக்கென்ன, திருச்செந்தூர் போயிட்டு வந்து..."

"தம்பிக்குப் போன்ல சொல்லிட்டேன், இன்னொரு நாள் போலாம்னு. ஏறுங்க. மிதிச்சாப் பறக்கும்னீங்கள்லா? பறந்து பாக்கேன்."

அவள் மிதிப்பதை அவர் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முதலில் நம் காம்பவுண்டுச் சுவர். அப்புறம் ஜானகியம்மாள் வீட்டுச் சுவர். அப்புறம் ஜானகியம்மாள்.

"கொஞ்சம் பொறு உமா. டர்போவக் கழட்டிருதேன். நீ படிச்சு முடிச்சதும் மாட்டிக்கிடலாம்."

மாட்டிய கையாலேயே கழற்றிச் சாக்கில் கட்டிவைத்தார். டர்போவுக்காக எஞ்சினின் வயிற்றுக்குள் என்னென்னவோ மாற்றியிருந்தார் அல்லவா? அது இல்லாத வண்டி முன்னைவிடச் சோனியாகிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் இருமியது.

பாடம் தினமும் சாயங்காலம், எட்டயபுரம் ரோட்டில். மழை பெய்து கரிசல் குளிர்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் உளுந்து பச்சைப்பசேலென்று நின்றது. உமாதேவி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி வண்டியை அணைப்பாள், கிளப்புவாள், மறுபடி அணைப்பாள். கையில் செல்லை எடுத்தால் வண்டி குலுங்கியது. அதனால் அவர் பேச ஆரம்பித்தார்.

"கல்யாணமான புதுசுல இங்கனதான உமா ரேடியேட்டர் கொதிச்சி நின்னுச்சு? நான் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போனேன்."

"போனவுக வரவே இல்ல. விட்டுட்டு ஓடிட்டீகளோன்னு நெனச்சேன்."

"தண்ணி அப்பமே கெடச்சிட்டு. வந்து ஒங்கிட்ட என்ன பேசன்னு தெரியல. கெணத்தடியில நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி மறுபடி அணைந்தது. யாரும் கிளப்பவில்லை. அன்றைய பட்டுச் சேலைச் சரசரப்பும், மல்லிகை வாசமும், இறக்க வராத கார்க் கண்ணாடியோடு அவர் மல்லுக்கட்டியதும் ஒவ்வொன்றாகப் பேச்சில் திரும்பி வந்தன. இத்தனை வருஷப் பேச்சையும் எங்கே போட்டுவைத்திருந்தோம் என்று பூவனநாதனுக்கு நெஞ்சு கனத்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பொங்கலும் வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் ரிவர்ஸ் வரவில்லை. அவருக்கும் அவசரமில்லை. அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்த செல்லத்துரையிடம் பெருமையாகச் சொன்னார்.

"மாப்ளே, ஒங்க அக்காவுக்குக் கார் சொல்லிக் குடுக்கேன். மெதுவாத்தான் ஏறுது. நாப்பதத் தாண்டுனாக் கை நடுங்குது அவளுக்கு."

செல்லத்துரை கரும்பைக் கடிப்பதை நிறுத்தினான்.

"யாருக்கு, அக்காவுக்கா? நான் புதுக்கார் வாங்குன மாசமே எங்கிட்டப் படிச்சிட்டாளே அத்தான்! நாலுவழிச்சாலையில நூறுல விட்டா. நான்தான் பயந்து கண்ண மூடிக்கிட்டேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பின்வாசல் கதவு திறந்தது. கார் கிளம்பும் சத்தம். ஷெட்டிலிருந்து குறுகலான சந்து வழியே, எங்கும் உரசாமல், ஒரே மடக்கில் ரிவர்ஸிலேயே வந்து வாசலில் நின்றது வெண்ணெய் நிறக் கார். உமாதேவி தலையை வெளியே நீட்டினாள்.

"வாங்க குருவே, நேரமாவுதுல்லா? இன்னைக்கு என்ன பாடம்?"

பூவனநாதன் செல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.