வெள்ளரிக்காய்க்கு வியர்த்த கதை

சந்தை முனையில் கூட்டம் அலைமோதியது. தங்கத்தைச் சும்மா அள்ளிக் கொடுக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தால், வெள்ளரிக்காய். அதுவும் சாதாரண வெள்ளரிக்காய் இல்லை. உறைஞானி என்று ஊரே கொண்டாடும் காய்க்கடைக்காரர் தன் திருக்கரத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயைக் கட்டி, வெயிலில் வைத்தது.

"நல்லாப் பாருங்க," என்றார் ஞானி. உறையின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "வயல்லேருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை பேர் கண்ணு பட்டிருக்கும்? அத்தனை திருஷ்டியும் தண்ணியா இறங்குது."

கூட்டம் வாயைப் பிளந்தது. விலை இரண்டு மடங்கு, அதனாலென்ன? உறைக்குள் அடியில் கிடக்கும் தக்காளி அழுகியிருந்தால், "அழுகினது தக்காளி இல்லம்மா, உங்க திருஷ்டி," என்பார். அதற்கும் தலையாட்டினார்கள். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்காத மகராசிகள், இப்போது உறையின் முடிச்சைத் தொடவே பயந்தார்கள்.

எதிரே காய்களைத் திறந்த கூடைகளில் குவித்து விற்கும் கடைக்காரி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடக் கடை. இந்த மாதமும் இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று மதியம் அவள் புருஷன் தட்டில் இருந்த கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கினான்.

"ஏங்க, வேகலையா?"

"வெந்திருக்கு. ஆனா ஊரே பாத்த காயாச்சே. நாளைக்கு எதிர்க்கடையில வாங்கிட்டு வாயேன்."

காய்க்காரி வீட்டுக்கு எதிர்க்கடைக் காய்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு கூடையில் அழுகல் பொறுக்கினாள். உறையைக் கழற்றினால் உள்ளங்கை ஈரம். உறையைப் பார்த்தாள். எதிர்க்கடையைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்தாள்.

"ஞானி, எல்லாத்துக்கும் திருஷ்டி உண்டுன்னா உங்க கைக்கு?"

"இந்தக் கையிலயா? ஒரு பொட்டு கிடையாது."

"அப்ப இந்த உறைக்குள்ள விட்டுக் காட்டுங்க. காய்ஞ்சு கிடந்தா என் கடையை இன்னிக்கே உங்களுக்கு விட்டுடறேன்."

கூட்டம் கைதட்டியது. ஞானியால் மறுக்க முடியவில்லை. அவர் கையை உறைக்குள் விட்டதும், மணிக்கட்டில் அவள் ரப்பர் வளையம் போட்டாள். நல்ல வெயில். ஞானி பிரசங்கத்தைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் உறை மங்கியது. பிறகு முத்து முத்தாகக் கோத்தது.

"ஞானிக்கே திருஷ்டியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவளுடைய புருஷன்தான்.

ஞானி லேசுப்பட்டவரா? "இது என்னோடது இல்ல. உங்க எல்லாரோட திருஷ்டியையும் நான் கையில வாங்கியிருக்கேன்."

"அய்யோ," என்றாள் கடைக்காரி. "அந்தக் கையால தொட்டுக் கட்டினதையா இத்தனை நாளும் இவங்களுக்கு வித்தீங்க?"

ஞானி வாயைத் திறந்தார். அதற்குள் ஆளுக்கோர் உறையை எடுத்துத் தங்கள் கையில் மாட்டிப் பார்த்தார்கள். தெருவே கையில் உறையோடு நின்று வியர்த்தது. எல்லோர் கையிலும் அதே தண்ணீர்தான். சிரிப்பு கிளம்பியது. அது அடங்கித் திரும்பிப் பார்த்தபோது ஞானி கம்பி நீட்டியிருந்தார், கையில் மாட்டிய உறையோடு.

மறுநாள் அவள் கடையில் பழையபடி அமுக்கினார்கள், முகர்ந்தார்கள், நுனியை ஒடித்தார்கள். ஒடித்தால் எரிந்து விழுபவள் அன்று முதல் வெண்டைக்காயைத் தானே ஒடித்துக் கொடுத்தாள். மதியம் அவள் புருஷன் கத்தரிக்காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஓர் அம்மாள் மட்டும் அவள் காதருகே வந்தாள். "அக்கா, துணிப்பையில போட்டா திருஷ்டி போகுமா?"

"காய் போகும். உங்க வீட்டுக்கு."

இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அடுத்த ஞானி பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். கடைக்குள் வருவது காயோ, ஞானியோ, சுற்றியிருப்பதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?