கோழி கேட்ட கோமாளி

மூன்று வெங்காயம் கொடுத்தாயிற்று. வாசலில் நின்ற கோமாளி நகரவில்லை.

சுவிஸ் நாட்டு ஓல்டனில் ஃபாஸ்நாக்ட் திருவிழா வந்தால் வேடம் போட்டவர்கள் தெருவெல்லாம் திரிவார்கள். அது புனிதவதிக்குத் தெரியும். ஆனால் மாடிப்படி ஏறி வந்து, முழங்காலில் நின்று கையேந்துகிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். கூம்புத் தொப்பி, ஒட்டுத்துணிச் சட்டை, மீசை கீறிய கம்பிவலை முகமூடி.

நேரமோ பன்னிரண்டாகப் போகிறது. கணவன் குகநாதன் கோப்பை கழுவுகிற முதியோர் இல்லத்தின் தலைமைச் சமையல்காரர், குசினிப் பெரியவர், சாப்பிட வரப்போகிறார். கறி பிடித்தால் அவளுக்கும் அங்கே வேலை.

காலையில் குகநாதன் சொல்லியிருந்தான்: "அவர் அமெரிக்காவில லூசியானாக்காரர். கேஜன் எண்ட சனம், பிரெஞ்சு கதைக்கிறவை. முந்தி இங்கிலீசுக்காரன் ஊரைவிட்டுக் கப்பலில ஏத்திக் கலைச்சவனாம், எங்களைப்போல."

"எங்களை ஆரப்பா கப்பலில ஏத்தினது? பிளேனுக்குத் தாலிக்கொடியெல்லோ வித்தனாங்கள். அவர் உறைப்புத் தின்பாரோ?"

"ஓம். இண்டைக்கு அவையின்ர பெருநாளும். அவையின்ர ஊரில வீடு வீடாய்ப் போய்…"

"ஊர்க்கதை பிறகு. வேலைக்குப் போங்கோ."

இப்போது இந்தச் சனியன்.

"போ ராசா, போ," என்று ஒரு சுண்டு அரிசியை அவன் பையில் கொட்டினாள். அரிசியைக் கண்டதும் அவனுக்குப் பாட்டு வந்துவிட்டது. ஆடிக்கொண்டே குசினிக்குள் நுழைந்து கோழிக்கறிச் சட்டியைக் காட்டினான்.

பாவம், பசியாக்கும் என்று ஒரு கால்துண்டை எடுத்து நீட்டினாள். அதுதான் பிழை. முகமூடியைச் சற்றே தூக்கிக் கடித்தவன் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு சட்டியையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்!

"அடேய், அது பெரியவருக்கு வைச்ச கறியடா!"

மேசையைச் சுற்றி மூன்று சுற்று. அகப்பைக் காம்பால் முதுகில் நாலு வைத்தாள். அடிக்க அடிக்கச் சிரித்தவன், சட்டியோடு படியிறங்கி ஓடியே போனான்.

ஒரு மணிக்குக் குகநாதன் வந்தபோது மேசையில் வெறுஞ்சோறு. பெரியவரைக் காணவில்லை.

"கறியும் போச்சு, வேலையும் போச்சு! விசரங்களைத் தெருவில விடுற நாட்டுக்கெல்லோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்!"

"நானோ வேசம் போட்டனான்? என்னை ஏனப்பா பேசுறாய்?"

மணி அடித்தது. அதே இல்லத்தில் வேலை செய்கிற கீழ்வீட்டுத் திரேசா, கழுவித் துடைத்த சட்டியோடு நின்றாள்.

"இந்தாங்கோ புனிதாக்கா, பெரியவர் தந்துவிட்டவர், நாளைக்கு ஏழு மணிக்கு வேலைக்கு வரட்டாம், அகப்பையை மட்டும் வீட்டில வைச்சிட்டு வரட்டாம்."